பொம்மைக்கு அளவு கொடுத்தவள்

இதை எழுதப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னபோது, "எழுதுங்கோ, ஆனா பேர் போடாதேங்கோ. கடைப் பேரும் வேண்டாம்" என்றாள். அதனால் இதில் யாருக்கும் பெயர் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய இடது கால் வலது காலைவிட ஒரு விரல் அகலம் குட்டை. பத்து வயதில் மதிலிலிருந்து விழுந்து முறிந்த எலும்பு சரியாகப் பொருந்தாமல் ஒட்டிக்கொண்டது. வெள்ளவத்தையில் அவள் வேலை செய்த சேலைக் கடையில் நான்கு வருடமாக அது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தாள். அதைக் கடை முழுவதும் கேட்கச் சொன்னவன் நான். கெட்ட எண்ணத்தில் இல்லை. நான் பெரிய கெட்டிக்காரன் என்ற எண்ணத்தில்.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் இருந்தேன். மலைநாட்டில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்புக்கு இறங்கியவன். மட்டக்குளியில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் உடைத்தேன். கொஞ்ச நாள் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தேன். ஓரிடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் என்னால் இருக்க முடியாது. சண்டை போட்டுக்கொண்டெல்லாம் போவதில்லை, ஒரு நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். படுக்க இடம் இல்லாத நாட்களில் பஸ் நிலையத்தில் படுத்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை, நிறையப் பேர் அங்கே படுத்தார்கள்.

கராஜில்தான் ஒன்றரை வருடம் நின்றேன். காரணம் ஃபைபர். உடைந்த வான் வண்டிப் பம்பருக்கு ஃபைபர் வலையை விரித்து, ரெசின் பூசி, காய்ந்ததும் தேய்த்தால் புதிது போல வந்துவிடும். உடம்பெல்லாம் அரிக்கும், பவுடர் போட்டுக்கொண்டால் தாங்கலாம். வேலை இல்லாத நேரத்தில் களிமண்ணில் எதையாவது பிசைந்துகொண்டிருப்பேன். கராஜ் சொந்தக்காரரின் தலையைச் செய்து ஜன்னலில் வைத்தேன். அவர் சிங்களவர், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுவோம். "மல்லி, தம்பி, காது இவ்வளவு பெரிசா எனக்கு?" என்று தமிழும் சிங்களமுமாகக் கேட்டுவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பக்கத்து மாதா கோயிலில் ஒரு சம்மனசின் இறக்கை உடைந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு சிலை ஒட்டுகிறவன் என்று பெயர் வந்துவிட்டது.

அப்படித்தான் வெள்ளவத்தைச் சேலைக் கடையிலிருந்து ஆள் வந்தது. கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்த பொம்மை ஒன்று விழுந்து கை உடைந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மை, ஆறடி உயரம், இளஞ்சிவப்புத் தோல். அதற்குச் சேலை கட்டுகிற பெண் வாயில் நாலைந்து ஊசியைக் கவ்விக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஊசிகளைக் கையில் எடுத்தாள்.

"கையை ஒட்டுறது இருக்கட்டும். இந்த இடுப்புக்கு ஏதும் செய்வீங்களோ?"

"இடுப்புக்கு என்ன?"

"இடுப்பே இல்லை, அதுதான் பிரச்சினை. மூண்டு துவாய் சுத்தித்தான் சாறி கட்டுறன். கொய்யக மடிப்பு நிக்குதே இல்லை. உயரம் வேற. கணுக்காலுக்கு மேல நிக்குது. வெள்ளம் வந்த றோட்டால போறவள் மாதிரி இருக்கிறாள்."

காசு மேசையில் இருந்த முதலாளி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. "தம்பி, நீர் புதுசா ஒண்டு செய்வீரோ? எங்கட பொம்பிளையளின்ர உடம்பில?" என்று கேட்டார்.

நான் அதுவரை முழு ஆள் ஒன்றைச் செய்ததே இல்லை. "செய்யலாம் முதலாளி" என்றேன்.

"அப்ப இவவின்ர அளவில செய்யும். இவவில சாறி நிக்கிற மாதிரி வேற ஒருத்தரிலயும் நிக்காது."

"ஐயோ, என்னில வேண்டாம். வேற பிள்ளையள் இருக்கினம்தானே" என்றாள் அவள்.

"ஏன் வேண்டாம்?"

அவள் ஊசிகளைச் சேலையில் குத்திவிட்டு, சரி என்றாள். உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது. அந்தக் கடையில் காலை பத்து மணியிலிருந்து கடை பூட்டும் வரை நிற்க வேண்டும். உட்காரக் கதிரைகள் இருந்தன, ஆனால் அவை வாங்க வருகிறவர்களுக்கு. முன்னர் அங்கே வேலை செய்த ஒரு அக்காவுக்குக் கால் வீங்கியபோது முதலாளி மிகவும் அன்பாக, "வீட்டில ஆறுதலா இருங்கோ, நான் சொல்லியனுப்புறன்" என்றாராம். சொல்லியனுப்பவே இல்லை. அவர் கொடுமைக்காரர் இல்லை. மறந்துபோனார், அவ்வளவுதான். இவள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதனால் செருப்புக்குள் ரப்பர் துண்டு வெட்டி வைத்து, அது நிரப்பாத மீதியை மறைக்கச் சேலையை இறக்கிக் கட்டி, யாரும் பார்க்காதபோது மட்டும் வேகமாக நடந்து காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது.

அளவு எடுப்பதில் ஒரு சிக்கல் வந்தது. நான் தொட்டு அளக்க முடியாது, அது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அவள் அளவு நாடாவோடு உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டாள். நான் வெளியே தரையில் கொப்பியோடு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"தோள் பதினாலரை."

"இடுப்பு?"

"முதலாளி அங்கால போகட்டும், சொல்லுறன்."

"நான் கேக்கேல்லை!" என்று காசு மேசையிலிருந்து சத்தம் வந்தது. மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

"இடுப்பிலேருந்து தரை வரைக்கும், இடது காலு?"

"முப்பத்தேழு."

"வலது?"

"அதுவும் முப்பத்தேழு. ரெண்டு காலும் ஒண்டாத்தானே இருக்கும், இதென்ன கேள்வி?"

அளவு மட்டும் போதாது, பார்த்துச் செய்ய வேண்டும் என்றேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை அவள் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள், கூடவே அவளுடைய அம்மாவும். கராஜுக்கு ஞாயிறு லீவு. பாஸ் தரையைக் கழுவி, அவள் நிற்கிற இடத்தில் ஒரு தார்ப்பாய்ப் படங்கை விரித்து வைத்திருந்தார். ஆணி, கண்ணாடித் துண்டு ஏதாவது குத்திவிடக் கூடாதே என்றுதான். ஆனால் விரித்த படங்கைக் கண்டதும் அம்மாவும் மகளும் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்கள். அவள் ஏறி நின்ற பிறகுதான் செய்ததை உணர்ந்திருக்கிறாள். திரும்பிப் போய்ப் போட்டால் ஏன் என்று கேட்பேன். பேசாமல் வெறுங்காலோடு நின்றாள். அடுத்த ஞாயிறு செருப்போடு ஏறினால் அதுவும் வித்தியாசமாகத் தெரியும். ஆறு ஞாயிறும் அப்படியே நின்றாள்.

அம்மா ஒரு வானிலிருந்து கழற்றி வைத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு முதல் நாளே சொன்னார். "தம்பி, என்னவும் செய்யும். முகம் மட்டும் இவளின்ர முகமா இருக்கக் கூடாது. கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். மாப்பிள்ளை பகுதி காலி வீதியால போகேக்க கண்ணாடிக்குள்ள பாத்திட்டினம் எண்டா என்ன செய்யிறது?"

"பயப்படாதீங்கம்மா, மாத்திடுறேன்."

"மூக்கையும் மாத்தும்."

"மூக்கை நல்லாக் கூராக்குங்கோ, எனக்குத்தான் கிடைக்கேல்லை" என்றாள் மகள்.

"சிலை மாதிரி அசையாம நில்லுங்க."

"நான் நாள் முழுக்க அப்பிடித்தான் நிக்கிறன். ஞாயிற்றுக்கிழமையும் நிக்கச் சொல்ல இவர் ஒருத்தர் வந்திருக்கிறார்."

அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு நன்றாக இருக்கிறது. பூசை முடிந்து போகிறவர்கள் கேட் இடுக்கால் எட்டிப் பார்ப்பார்கள். அம்மா கொண்டுவந்த இடியப்பத்தை எல்லோரும் சாப்பிடுவோம். நான் எட்டாம் வகுப்பு என்று தெரிந்ததும் அவள் என் கொப்பியை வாங்கிப் பார்த்து எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். "தரைக்கு வல்லின றவாம். எந்த ஊரில?" என்று சிரித்தாள். மூன்றாவது ஞாயிறு வந்தபோது, பையைத் தூக்குகிற எண்ணம் சில நாட்களாக வரவில்லை என்று கவனித்தேன்.

வேலை ஓடவில்லை. அவள் சொன்ன அளவில் களிமண்ணை நிறுத்தினேன். எல்லாம் சரி, ஆனால் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி விறைப்பாக இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். இடது இடுப்பு ஒரு விரல் இறங்கியிருந்தது. அதைச் சரிக்கட்ட வலது தோள் இறங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் முதுகு மெல்ல வளைந்து போயிற்று. சேலை அந்த வளைவைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவு அழகாக விழுந்தது. முதலாளி கண்டுபிடித்தது அதைத்தான், அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை.

தன் காலைத் தானே அளந்தால் குனிய வேண்டும், குனிந்தால் அளவு பிழைக்கும். பாவம், தவறாக அளந்துவிட்டாள் என்று நினைத்தேன். கொப்பியில் இடது காலின் முப்பத்தேழை வெட்டி, முப்பத்தாறே கால் என்று எழுதினேன். களிமண் உடனே உயிர் பிடித்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவளிடம் கேட்கவில்லை. காட்டவும் இல்லை. ஈரச் சாக்கால் மூடி வைத்து, முடிந்த பிறகுதான் காட்டுவேன் என்று பெரிய சிற்பி போலப் பேசினேன்.

முகத்தை மட்டும் கவனமாக மாற்றினேன். மூக்கைக் கூராக்கினேன், நெற்றியை அகலமாக்கினேன், அவளுடைய தாடைக் குழியை எடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நம்பினேன். பிறகு அச்செடுத்து, ஃபைபர் வார்த்து, தேய்த்து, பாஸிடம் இருந்த வாகனப் பெயின்டில் அவளுடைய நிறத்தைக் கலக்கி அடித்தேன்.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பெட்சீட் சுற்றிய கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கொள்ளுப்பிட்டியில் சிக்னலில் நின்றபோது பக்கத்து ஓட்டோக்காரர் எங்கள் ஓட்டோக்காரரிடம், "அண்ணே, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்" என்றார்.

கடையில் நிறுத்தினோம். அவள்தான் கடுகு நிறச் சேலை ஒன்றைக் கட்டத் தொடங்கினாள். இடுப்பில் செருகும்போது கை நின்றது. பொம்மையின் இடது பக்கத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். கொய்யக மடிப்பை வலிந்து இழுத்து, வளைவை மறைக்கப் பார்த்தாள். சேலை கேட்கவில்லை, அது விழவேண்டிய இடத்தில் விழுந்தது.

கூட வேலை செய்த இளையவள் ஒருத்தி கையைத் தட்டினாள். "அக்கா, இது நீங்களேதான்! முகம் ஆரோ, ஆனா நிக்கிறது நீங்கள்!"

முதலாளி எழுந்து வந்தார். சுற்றிப் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார். "தம்பி, இது ஒரு பக்கம் சரியுதெல்லோ? நிலம் பிழையோ?"

"நிலம் சரி முதலாளி. அவங்க நிக்கிறதே அப்படித்தான். அவங்க சொன்ன அளவுல இடது காலு தப்பு. நான் பார்த்துத் திருத்திட்டேன்."

இதைச் சத்தமாக, பெருமையாகச் சொன்னேன்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளுடைய காலைப் பார்த்தார், நான்கு வருடத்தில் முதல் தடவையாக. "பிள்ளை, இஞ்சால வாரும்" என்றார். அவள் பத்து அடி நடந்து வந்தாள். மறைக்க முயலாமலே நடந்தாள் என்று நினைக்கிறேன். அந்த நேரம் கலியாணச் சேலை எடுக்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. முதலாளி, "சரி, பிறகு கதைப்பம்" என்றுவிட்டு அவர்களிடம் போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை நான் கடைக்கு வெளியே நின்றேன். அவள் வந்தாள், நிற்காமல் கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் நடந்தாள். நான் பின்னால் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"என்ர அளவை ஏன் மாத்தினீர்?" அதுவரை என்னை நீங்கள் என்றே சொன்னவள்.

"தப்புன்னு நினைச்சேன்."

"தப்பு எண்டு நினைச்சா கேக்கிறேல்லையோ? வாய் இல்லையோ உமக்கு? ஆறு ஞாயிறு இடியப்பம் திண்ட வாய்தானே?"

அப்போதுதான் மதிலையும், எலும்பையும், ரப்பர் துண்டையும், அந்த வீங்கிய கால் அக்காவையும் சொன்னாள். அழவில்லை. சோற்றுப் பார்சலைப் பிரிக்கவும் இல்லை.

"நாளைக்கு வாளோட வந்து இடுப்பை அறுத்து நேராக்கிடுறேன்" என்றேன்.

"பொம்மை நேரானா அவர் கண்டதை மறந்திடுவாரோ?" ரயில் ஒன்று எங்களைக் கடந்து போயிற்று. "பிறகு கதைப்பம் எண்டிட்டார். அந்த அக்காவுக்கும் பிறகுதான் எண்டவர்."

ஆனாலும் நான் போனேன். அடுத்த நாள் கராஜில் ஒரு வானை முடித்தே தீர வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில் இரும்பு அறுக்கிற வாளோடு போய்ச் சேர்ந்தேன். பொம்மையின் பக்கத்தில் முட்டுக்கால் போட்டு, சேலையை ஒதுக்கி, எங்கே வெட்டுவது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் காசு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, பிறகு கதைப்பம் எண்டீங்கள். இப்ப கதைப்பம்."

"இப்ப கடை நேரம் பிள்ளை."

"கடை நேரத்திலதானே நான் நிக்கிறனான். எனக்கு ஒரு கால் கட்டை. வேலைக்குச் சேரேக்க சொல்லேல்லை, அது என்ர பிழை. ஆனா நாலு வருஷத்தில காலால ஒரு நாள் லீவு எடுத்தனானோ? என்னை அந்த அக்காவை அனுப்பின மாதிரி அனுப்பிறதெண்டா இப்பவே சொல்லுங்கோ. வீட்டில ஃபோனைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

"ஆரை அனுப்பினது? அவ சுகமில்லாமல்..." முதலாளி பாதியில் நின்றார். அந்த இளையவளைப் பார்த்து, "அவவுக்கு நான் பிறகு சொல்லியனுப்பேல்லையோ?" என்றார்.

"இல்லை முதலாளி."

அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "உம்மை ஆரும் போகச் சொல்லேல்லை. போய் வேலையைப் பாரும்" என்றார்.

அவள் அசையவில்லை. "எங்களுக்கு இருக்க ஸ்டூல் வேணும். ஆக்கள் இல்லாத நேரத்தில."

"ஒண்டோ?"

"அஞ்சு. நாங்கள் அஞ்சு பேர்."

"அஞ்சு ஸ்டூல் போட்டா இது சாறிக்கடையோ, சலூனோ?"

"சரி, நாலு."

"ஒண்டு."

"முதலாளி, உங்களுக்காக மூண்டு."

"ரெண்டு. மாறி மாறி இருங்கோ."

சேலை விற்கும்போது, வாங்குகிறவர் விலையில் இழுத்தடித்தால் அவள் ஒன்று செய்வாள். பேசாமல் சேலையை மடிக்கத் தொடங்குவாள். இப்போதும் மேசையில் கிடந்த ஒரு சேலையை எடுத்து மெதுவாக மடித்தாள். நான்காக மடித்து முடித்தபிறகு, "ரெண்டு. ஆனா முதுகு வைச்சது" என்றாள்.

"முதுகு வைச்சா அது கதிரையெல்லோ?"

"ஓம், கதிரை."

முதலாளி தலையைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார், நான் வாளைப் பொம்மையின் இடுப்பில் வைத்துவிட்டேன்.

"தம்பி! என்ன செய்யிறீர்?"

"நேராக்குறேன் முதலாளி."

"ஆர் சொன்னது உமக்கு? வையும் அதை! அது நிக்கிற நிலையிலதான் கடுகுச் சாறி மூண்டு போயிருக்கு. அதை மாதிரி இன்னொண்டு செய்யச் சொல்ல நினைச்சுக்கொண்டிருக்கிறன், இவர் வாளோட வந்து நிக்கிறார்!"

பொம்மை வந்த பிறகு அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை.

அந்த அக்காவுக்கு முதலாளி அன்றைக்கே ஃபோன் எடுத்தார். அவர் வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டதாம். சுகம் விசாரித்துவிட்டு வைத்தார். அவளுடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க நான் வீட்டுக்குப் போனபோது, "முகத்தை மாத்தச் சொன்னன், நீர் மாத்தினீர். காலைப் பற்றி எனக்கும் நினைவு வரேல்லை" என்று தேத்தண்ணி தந்தார். பேசிய கலியாணம் எதுவும் சரிவரவில்லை. என்னைப் பற்றிப் பேச்சு எடுத்தது அவள்தான், அது அடுத்த வருடத்துக் கதை.

இரண்டாவது பொம்மையைக் கொண்டுபோனது ஒரு சனிக்கிழமை முற்பகல். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. இரண்டு கதிரைகள் அலமாரிக்குப் பக்கத்தில் போட்டிருந்தன. அவள் ஒன்றில் இருந்து சேலைக்கு ஃபோல்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். மற்றதில் அன்று கைதட்டிய இளையவள்.

"இது ஆரின்ர அளவு?" என்று இவள் கேட்டாள்.

"இந்தத் தங்கச்சியோடது."

"கேட்டனீங்களோ?"

"கேட்டேன். களிமண்ணையும் காட்டினேன்."

"மூக்கு என்ர மூக்கைவிட நல்லா வந்திருக்கு" என்றாள் அந்தப் பெண்.

அப்போது முதலாளி தெருவிலிருந்து உள்ளே வந்தார். அந்தப் பெண் பழக்கத்தில் துள்ளி எழுந்துவிட்டாள். இவள் எழவில்லை. இடது காலை நீட்டி வைத்தபடி, ஊசியை இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முதலாளி அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

"தேத்தண்ணி குடிச்சீங்களோ எல்லாரும்?" என்று கேட்டுவிட்டு அவர் காசு மேசைக்குப் போனார்.

"இன்னும் இல்லை முதலாளி" என்றாள் அவள், கதிரையில் இருந்தபடியே. பிறகு காலியாகக் கிடந்த மற்றக் கதிரையை எனக்குக் காட்டினாள். "ஏன் நிக்கிறீங்கள்? ஆக்கள் வரும் வரைக்கும் இருங்கோ."

நான் உட்கார்ந்தேன்.